இரண்டாவது மோதல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நமக்கு மலைப்பாதைப் பிரயாணம் புதிதன்று. 2022 மார்ச் 26 இரவு, நிச்சயதார்த்தத்துக்காகத் தர்மவரத்திலிருந்து திருப்பதி நோக்கி வந்த பஸ் பாகராப்பேட்டை மலைப்பாதையில் பள்ளத்தில் உருண்டது. 2024 செப்டம்பர் 13 அன்று மொகிலி மலைப்பாதையில் அரசு பஸ்ஸும் லாரிகளும் மோதின. இரண்டிலும் உயிர்கள் பல போயின. விதி என்று சொல்லி விட்டுவிட நாம் ஒப்பவில்லை.

வண்டி மோதி நிற்பது முதல் மோதல். உள்ளிருப்பவர் அப்போது நிற்பதில்லை. வண்டியின் பழைய வேகத்திலேயே முன்சென்று கம்பியிலோ கண்ணாடியிலோ அடிபடுகிறார். இது இரண்டாவது மோதல். காயங்களில் பெரும்பாலானவை இதனால் விளைபவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வாறு மோதுவது நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

மடியில் குழந்தையை இறுகப் பிடித்திருக்கிறோமே என்பர் தாய்மார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ பாரத்தைத் தாங்கும் கை வேண்டும். அந்தக் கை நம்மில் யாருக்கு உண்டு?

ஆகவே, உடல் நிற்கும் நேரத்தைச் சிறிது நீட்டுவதே உபாயம். ரயில் பெட்டியின் பஃபரைப் பாருங்கள்; அது அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. தலைக்கவசத்தினுள் இருக்கும் தெர்மோகோல் தான் நசுங்கி மண்டையைக் காக்கிறது. (ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் பிறகு உதவாது.) தாடைவாரை மாட்டாவிடில் கவசம் முதலில் பறந்துவிடும். இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் இருக்கைவாரை 1959இல் ஸ்வீடன் நாட்டு நில்ஸ் போலின் அமைத்தார். வால்வோ கம்பெனி அதனைப் பிறரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. நம்மவரோ முன் இருக்கையில் மட்டும், அதுவும் போலீசைக் கண்டால் மாட்டுகின்றனர்! 2022இல் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, வார் அணியாமல் பின் இருக்கையில் அமர்ந்திருந்தவர்.

திருமலையில் 1944இல் திறந்த பாதை இறங்கவும், 1974இல் அமைந்த பாதை ஏறவும் ஆயின. நேருக்கு நேர் மோதலைத் தவிர்க்க இதனினும் நல்ல வழி ஏது? மற்ற மலைப்பாதைகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. எனவே புரட்டாசிக்கு வேன் பேசும்போது, வாடகையைக் கேட்குமுன் ஒவ்வோர் இருக்கைக்கும் வார் உண்டா என்று கேளுங்கள்.

வழியில் அடிபட்டவரைக் கண்டால் 108க்குச் சொல்லுங்கள். நெருப்பு முதலிய அபாயம் இல்லையேல் கழுத்தையும் முதுகையும் அசைத்து இழுக்காதீர்கள். குருதி பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். வழக்கு வருமென்று அஞ்ச வேண்டா. நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை எவரும் கட்டாயப்படுத்த இயலாது.