பத்தியம் என்றால் பட்டினி அல்ல
(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொங்கலும் வடையும் காத்திருக்கிற நேரத்தில் வருத்தக் கதை கதைக்கிறேன் என்று குறை நினைக்காதேங்கோ. எங்கட சனத்துக்குள்ளே சலரோகமும் பிறசரும் மலிந்து போச்சு. சிறுநீரகத்தைப் பழுதாக்கிற முதல் இரண்டு காரணங்களும் அவைதான்.

என்னுடைய பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, ஆஸ்பத்திரியில் ஒரு உணவுத்தாள் கொடுத்தார்கள். நோர்வே மொழியில் இருந்த அதை, வீட்டில் 13 வயதுப் பேத்திதான் வாசித்துச் சொன்னாள். 'அதிகம் வேண்டாம்' என்று இருந்ததெல்லாம் அவளுடைய தமிழில் 'வேண்டாம்' ஆகிப்போச்சு. பெரியப்பா ரோசக்காரன். கிழங்கு, கீரை, பழம், பருப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாய் விட்டார். வெறும் வெள்ளைச் சோறும் பாணும்தான். சில மாதத்தில் முரசில் இரத்தம், கடைவாயில் வெடிப்பு, படியேற ஏலாத களைப்பு. நாங்கள் வருத்தம் முத்திவிட்டது என்று நினைத்தோம். இரத்தத்தைச் சோதித்த டொக்டர், "இவர் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை, விற்றமின் குறைந்துவிட்டது" என்றார்.

பத்தியம் ஏன் என்று முதலில் விளங்கவேணும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தையும் பொஸ்பரசையும் சரியாய் வெளியேற்ற ஏலாது. பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். பொஸ்பரசு மிஞ்சினால் எலும்பு பலமிழக்கும். அதனால்தான் வாழைப்பழம், இளநீர், தக்காளி, கிழங்கு, பாற்கட்டி, கோலா எல்லாவற்றுக்கும் அளவு வைக்கிறார்கள். கிழங்கைத் தோல் சீவி, சின்னனாய் வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊத்தச் சொல்லுவதும் இதற்காகத்தான். ஆனால் அந்தத் தண்ணீரோடு விற்றமின் சியும் போலிக் அமிலமும் சேர்ந்தே போகும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களுக்கு அங்கேயும் கொஞ்சம் போகும். போனதை ஈடுசெய்ய, டொக்டர் இவர்களுக்கென்று தனியாய் விற்றமின் குளிசை எழுதுவார்.

விற்றமின் டியின் கதை வேறு. வெயிலில் கிடைக்கும் டியை உடம்புக்கு உதவுகிற வடிவத்துக்கு மாற்றுவதே பெரும்பாலும் சிறுநீரகம்தான். ஒஸ்லோ கிட்டத்தட்ட 60 பாகை வடக்கில் இருக்கிறது, மாரியில் வெயிலால் டி கிடையாது. இலங்கையில் வாழ்வோரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வந்தது. அங்கே சராசரி லீற்றருக்கு 54 நனோமோல், இங்கே 32க்கும் குறைவு. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கே இந்த நிலை.

"அப்ப திரான் குடிப்பம்" என்பீர்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்த மீனெண்ணெயில் விற்றமின் ஏயும் உண்டு. சிறுநீரக நோயாளியின் உடம்பில் அது தேங்கி நஞ்சாகலாம். விற்றமின் சி குளிசையையும் கூடுதலாய்ப் போடக்கூடாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கும். வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்கிற நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம், அது மூளையைத் தாக்கும். டொக்டரைக் கேளாமல் எந்தக் குளிசையும் எண்ணெயும் எடாதேங்கோ.

இன்னொன்று. ஒருவருடைய பத்தியம் மற்றவருக்குப் பொருந்தாது. சுத்திகரிப்புக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்னவர்களே, அது தொடங்கியபின் கூட்டச் சொல்லுவார்கள். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் மீனும் முட்டையும் திரும்பி வந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் தாளைப் பிரதி எடுக்காதேங்கோ.

கடைசியாக, பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதேங்கோ. 2022 தை 1 முதல் இங்கே மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தேவையான இடத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை. கேட்க வெட்கப்படாதேங்கோ. பேத்தி இன்றைக்கும் தன்னால்தான் தாத்தா மெலிந்தார் என்று அழுகிறாள். பிழை அவளுடையது அல்ல, எங்களுடையது.

இண்டைக்கு யாராவது வடையை வேண்டாம் என்றால், "ஒரு நாளைக்குத்தானே" என்று வற்புறுத்தாதேங்கோ. "உங்களுக்கு எது ஏலும்?" என்று கேட்டுப் பரிமாறுங்கோ.