தீவுகள் ஆடும் டென்னிஸ்

வரைபடத்தில் புதுச்சேரியிலிருந்து தென்மேற்காக இந்துமாக்கடலின்மீது விரலை ஓட்டினால் மாலத்தீவு, செஷல்ஸ், மொரீஷியஸ், ரீயூனியன், மடகாஸ்கர், மயோட், கொமோரோ என்று ஏழு இடங்களைத் தொடலாம். இவை கூடிக் கொண்டாடும் விளையாட்டு விழா 1979இல் ரீயூனியனில் தொடங்கிற்று. 2019இல் மொரீஷியசும் 2023இல் மடகாஸ்கரும் அதனை நடத்தின. ஆட்டங்களின் பட்டியல் விழாவுக்கு விழா மாறும். அங்கே ஆடப்பட்டுவந்துள்ள ஆட்டங்களுள் ஒன்றாகிய டென்னிசைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

ஓட்டமும் பாய்ச்சலும் இருக்க டென்னிசை ஏன் எடுத்தீர் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு. டென்னிஸ் ஆடுபவர் ஆண்டின் பெரும்பகுதியும் தம் சொந்தப் பெயருக்காகவே ஆடுகிறார். வெற்றியும் அவருடையது, தரவரிசை எண்ணும் அவருடையது. ஊரின் பெயரை நெஞ்சில் தாங்கி அவர் களமிறங்கும் நாள்கள் மிகச் சிலவே. மொரீஷியஸ், மடகாஸ்கர் ஆகியவை தனி நாடுகளாதலின் டேவிஸ் கோப்பைக்குத் தம் அணிகளை அனுப்பியுள்ளன. ரீயூனியனுக்கு அவ்வழி இல்லை. அது பிரான்சின் ஒரு மாவட்டம். ஒலிம்பிக்கில் அதற்குத் தனி அணி கிடையாது. அத்தீவில் பிறந்த ஆட்டக்காரி எத்துணைத் திறம் பெற்றாலும் பிரான்சின் பெயரில்தான் உலகமேடை ஏறவேண்டும். இத்தீவுகளின் விழாவிலோ அவள் ரீயூனியனுக்காக ஆடுகிறாள். வலைக்கு அப்பால் நிற்பவள் மொரீஷியஸ் நாட்டினள். இருவருடைய பாட்டன்மாரும் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருத்தலும் கூடும்.

இது கற்பனையன்று. 1730களில் மொரீஷியசை ஆண்ட லபூர்தொனே, கொத்தரையும் தச்சரையும் நம் புதுச்சேரியிலிருந்து வருவித்தார். ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாயிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். அவர்தம் வழியினரை அங்கே ‘மலபார்’ என்பர். தமிழரை மலபார் என்றழைத்த பழைய ஐரோப்பியப் பிழை அங்கே ஒரு சமூகத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மொரீஷியசின் பணத்தாளில் தமிழ் எழுத்து இன்றும் உண்டு.

டென்னிசுக்கும் ரீயூனியனுக்கும் வேறோர் உறவும் உளது. பாரிசில் ஆண்டுதோறும் பெரும்போட்டி நடக்கும் அரங்கின் பெயர் ரோலாந் காரோஸ். பலர் அவரைப் பழைய டென்னிஸ் வீரர் என்றே எண்ணுகின்றனர். அவர் விமானி. 1888இல் ரீயூனியனின் தலைநகர் சேந்தெனியில் பிறந்தவர். 1913 செப்டம்பர் 23 அன்று எங்கும் இறங்காது மத்தியதரைக் கடலை முதன்முதல் பறந்து கடந்தவர். முப்பதாம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், 1918 அக்டோபர் 5 அன்று, போரில் மாண்டவர். 1927இல் பிரான்சு டேவிஸ் கோப்பையை வென்றது. மறு ஆண்டு அதனைக் காத்து ஆடுதற்கு அரங்கு ஒன்று எழுந்தபோது, அவருடன் படித்த எமில் லெசியூர் என்பார் தம் நண்பரின் பெயரையே இடவேண்டுமென்று வற்புறுத்தி வென்றார். டென்னிஸ் உலகம் போற்றும் அரங்கு ஒரு தீவுப் பிள்ளையின் பெயரைத் தாங்கியிருக்க, அவர் பிறந்த தீவு தன் பெயரில் ஆட இந்தச் சிறு விழாவை நாடவேண்டியிருக்கிறது!

கொடி பற்றிய இவ்வினா ஒருமுறை விழாவையே உலுக்கிற்று. கொமோரோ 1975இல் விடுதலை பெற்றபோது மயோட் மட்டும் பிரான்சுடன் தங்கிவிட்டது; 2011இல் அதன் மாவட்டமும் ஆயிற்று. கொமோரோ அதனைத் தன் தீவு என்றே இன்றும் சொல்கிறது. 2015இல் ரீயூனியனில் விழா தொடங்கியபோது, மயோட் வீரர் பிரெஞ்சுக் கொடியுடன் அணிவகுத்தனர் என்று கண்டித்துக் கொமோரோ விலகிக்கொண்டது. மாதக்கணக்கில் பயின்று வந்த இளைஞர் ஆடாமலே திரும்பினர். கொமோரோவின் மனக்குறை எனக்கு விளங்காததன்று. ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அமைச்சர்கள் அல்லர், ஆட வந்த பிள்ளைகள் என்பதே என் வருத்தம்.

புதுவையினர்க்கு இவ்வினா புதிதன்று. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் முழு நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு திங்களுக்குள் எழுதித் தரலாயினர். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அவ்வளவில் ஒரே வீட்டில் இரு நாட்டுக் குடிமக்கள்! பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக அத்தகைய பிள்ளைகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்க நான் பாடம் நடத்தியிருக்கிறேன். மாலையில் பந்தாட அணி பிரிக்கும்போது எவன் ஓட்டம் மிகுந்தவன் என்றே கேட்பார்கள். எந்நாட்டவன் என்று எவனும் கேட்டதில்லை.

டென்னிஸ் என்ற சொல்லே ‘தெனே’ என்னும் பிரெஞ்சு ஏவலிலிருந்து வந்ததென்பர். ‘இந்தா, பிடி’ என்பது அதன் பொருள். பந்தை அடிக்குமுன் எதிரியை எச்சரிக்கும் மரியாதை அது.

2027ஆம் ஆண்டு விழாவை நடத்தும் பொறுப்பு கொமோரோவுக்கு அளிக்கப்பட்டுள்ளது. மயோட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே எந்தக் கொடியின் பின்னே நடந்து வருவார்கள் என்பதை ரீயூனியனில் உறவினர் உள்ள நம் புதுவை வீடுகளும் கவனித்திருக்கும்.