நோயைச் சொல்வதா, சொல்லாதிருப்பதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய அறிஞர் இருவரும் சங்க இலக்கியக் கடலில் நம்மை நீராட்டிக் கரையேற்றினார்கள். அவர்களுக்குப் பின் என்னைப் பேச அழைத்தது செயலாளர் அவர்களின் துணிவு என்றே சொல்ல வேண்டும். யான் மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயின் ஊழியர் பிரிவில் இருபதாண்டுகளாகக் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன். எனக்குத் தெரிந்த இலக்கியமெல்லாம் விண்ணப்பப் படிவங்களும் மருத்துவச் சான்றுகளும் பணிப் பதிவேடுகளுமே. ஆகவே அவற்றிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். வலிப்பு நோயுடைய ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ உத்தியோகம் தேடிப் போகும்போது அந்நோயைச் சொல்லத்தான் வேண்டுமா? வேண்டுமெனில் யாரிடம், எப்பொழுது? விழா நாளில் வியாதியைப் பற்றிப் பேச்சா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இவ்வரங்கில் வீற்றிருக்கும் குடும்பங்களில் சிலவற்றிலேனும் இக்கேள்வி, விளக்கை அணைத்த பிறகு தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது என்பதை நான் அறிவேன்.

முதலில் நோயின் பெயரைச் சரிசெய்வோம். நம் ஊர்ப்பக்கம் இதனைக் காக்காய் வலிப்பு என்பார்கள். காக்கைக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கால் கை வலிப்பு என்பதே மருவி அவ்வாறாயிற்று என்பர். பெயர் மட்டும் திரிந்திருந்தால் கேடில்லை. அறிவும் உடன் திரிந்தது. வலிப்பு வந்தவன் கையில் நாம் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். நாம் பிழைக்க வந்த இவ்வட தேசத்திலோ இதனை மிர்கி என்று சொல்லி, விழுந்தவன் மூக்கருகே செருப்பைப் பிடிக்கிறார்கள். சாவி சிறந்ததா, செருப்புச் சிறந்ததா என்று அடுத்த ஆண்டு பட்டிமன்றம் வைக்கலாம். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அந்நேரத்தில் பக்கத்திலிருந்த பொருளுக்குப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்ற துணியொன்றை வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு நிற்கவில்லையெனில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இது பேயன்று, பைத்தியமன்று, ஒருவரைத் தொட்டு மற்றவருக்கு வருவதுமன்று. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று முறை தவறிப் பாய்வதால் வருவது. தலையில் பட்ட அடியாலும், பிறக்கும்போது நேர்ந்த இடுக்கணாலும், நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுள் சென்று மூளையில் கட்டியாய்த் தங்குவதாலும் வரலாம். பலருக்குக் காரணம் புலப்படுவதேயில்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், தக்க மருந்தை முறையாக உட்கொண்டால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றியே வாழ முடியுமென்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இந்நோயைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்து, மணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-இல் பாராளுமன்றம் அச்சொல்லை நீக்கியது. சட்டம் திருந்திவிட்டது, நம் சம்பந்திமார் இன்னும் திருந்தவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞனின் கதையைச் சொல்கிறேன். யார் மகன், எந்தத் தெரு என்று பின்னால் வந்து கேட்காதீர்கள். அதைச் சொன்னால் நான் இங்கே பேச எழுந்ததற்கே பொருளில்லாமற் போய்விடும். அவனுக்குப் பதின்மூன்றாம் வயதில் வலிப்பு வந்தது. விடாமல் மருந்துண்டு, வணிகவியலில் பட்டமும் பெற்றான். நான்காண்டுகளாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தனியார் கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. நேர்காணலில் உடல்நலம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. மேற்பார்வையாளர் அதை எடுத்து, மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அன்று மாலை, 'நாளை முதல் வர வேண்டாம்' என்றார்கள். காரணம் எழுதித் தரவில்லை. அம்மூன்று மாதக் கணக்கில் ஒரு பிழையேனும் உண்டா என்று பார்த்தவரும் இல்லை. அடுத்த இடத்தில், கேளாமலே உண்மையைச் சொன்னான். 'தெரிவிக்கிறோம்' என்றார்கள், இன்றளவும் தெரிவிக்கவில்லை. அவன் தாயார் என்னிடம், "அண்ணா, சொல்லாத இடத்திலும் வேலை போயிற்று, சொன்ன இடத்திலும் கிடைக்கவில்லை. எதைத்தான் செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் உடனே விடை சொல்லவில்லை. பல நாள் ஆராய்ந்த பின் என் சிற்றறிவுக்கு எட்டியதை இப்பொழுது சொல்கிறேன்.

தன் வலிப்பால் பிறர் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய வேலையில் மறைப்புக்கு இடமேயில்லை. எங்கள் ரயில்வேயில் ஒவ்வோர் உத்தியோகத்துக்கும் ஒரு மருத்துவ வகுப்பு உண்டு. இன்ஜின் ஓட்டுபவருக்கு ஏ-1. ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ-2. என்னைப் போல் நாற்காலி தேய்ப்பவருக்கு சி-2. ஆயிரம் பேரை ஏற்றிய வண்டியை நடத்துபவர் ஒரு நிமிடம் நினைவிழந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மோட்டார் ஓட்டும் லைசென்ஸுக்கான 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் முதற்படிவத்தில் முதற்கேள்வியே வலிப்பு உண்டா என்பதுதான். உயரத்தில் ஏறுவது, சுழலும் இயந்திரத்தருகே நிற்பது ஆகியவையும் அவ்வாறே. இவ்வேலைகளை நாடாதிருப்பது இழிவன்று. எங்கள் வேலைகளிலும் சி-2 போதுமென்ற இருக்கைகள் எத்தனையோ உண்டு. பணியில் சேர்ந்த பின் தம் வகுப்புக்குரிய உடற்தகுதியை இழந்தவரை வேறு பணியில் அமர்த்தும் விதியும் ரயில்வேயில் உண்டு. அத்தகைய கோப்புகள் என் கையாலேயே சென்றிருக்கின்றன. தேர்வும் சான்று சரிபார்ப்பும் முடிந்த பிறகே எங்களிடம் மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. முதலில் தகுதி, பின்னர் உடல் என்னும் இவ்வரிசை நல்ல வரிசை. தனியார் முதலாளிகளும் இதைக் கைக்கொள்ளலாம்.

படிவத்தில் எழுத்தில் கேட்டால் பொய் எழுதக் கூடாது. இதை நீதி நூல் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பு பார்த்துச் சொல்கிறேன். நோய்க்காக நீக்கினோம் என்று எழுத முதலாளி தயங்குவார். பொய்க்காக நீக்கினோம் என்று எழுத அவருக்கு ஒரு தயக்கமும் இராது. அப்படியானால் எதை வேண்டுமானாலும் கேட்கலாமா? கூடாது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு காலத்தில், வேலைக்கு வரும் பெண்களிடம் அவர்தம் மாதவிலக்கையும் கருப்பத்தையும் பற்றிப் படிவத்தில் கேட்டுவந்தது. அவற்றைச் சரிவரச் சொல்லவில்லை என்று ஒரு பெண்மணியை வேலையிலிருந்து விலக்கியபோது, 1991-இல் சுப்ரீம் கோர்ட்டு அவரை மீண்டும் பணியில் அமர்த்தி, அத்தகைய கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொல்லிற்று. வேலைக்குத் தொடர்பில்லாத கேள்வியைக் கேட்டவர்மீதே குற்றம் என்பது அதன் கருத்து. 2017-இல் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆயினும் 1998-இல் அதே நீதிமன்றம், மற்றோர் உயிருக்கு ஊறு நேரும் இடத்தில் நோயாளியின் இரகசியத்துக்கு எல்லை உண்டென்றும் சொல்லியிருக்கிறது. நான் முன்பு சொன்ன இன்ஜின் ஓட்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைத்து உங்களுக்கு ஆறுதல் கூற விரும்பவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் வலிப்பு பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. அச்சட்டம் தரும் பொது இலக்கணம் விரிந்தது. நெடுநாள் குறையுடையவரெல்லாம் அதில் அடங்குவர் என்று வக்கீல்கள் வாதிட இடமுண்டு. ஆனால் கிடங்கில் கணக்கெழுதும் பையன் வக்கீல் வைக்க எங்கே போவான்?

ஆகவே, கேளாத இடத்தில், பிறருக்கு ஆபத்தில்லாத வேலையில், நேர்காணல் மேசையில் நோயை எடுத்து வைக்க வேண்டிய கடமை இல்லை என்பதே என் துணிபு. கேட்டால், நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் பெற்றுச் செல்லட்டும். கடைசியாக வலிப்பு வந்தது எந்நாள், இன்ன வேலைக்குத் தகுதி, இரவுப் பணி மட்டும் வேண்டாம் என்று அதில் இருந்தால் போதும். உறக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும். ஆதலால் அக்கடைசி வரி இன்றியமையாதது. அக்கடிதத்தை ஒட்டிய உறையில் மருத்துவ அதிகாரியிடமே கொடுக்க வேண்டும். வேலையில் அமர்ந்த பின், பக்கத்து இருக்கையில் நம்பத்தக்க ஒருவரிடம் மட்டும் சொல்லிவைப்பது நன்று. விழுந்தால் சாவியும் செருப்பும் தேடாதிருக்க ஒருவர் வேண்டுமல்லவா? மறைப்பதற்காக மதிய மாத்திரையை விழுங்காமல் விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதுதான் மிகப் பெரிய ஆபத்து. வலிப்பு வரக்கூடாதென்று உண்ணும் மருந்தை, வலிப்பு உண்டென்று தெரிந்துவிடுமோ என்று அஞ்சித் தவிர்க்கிறார்கள்!

இனி என் இனத்தாரான குமாஸ்தாக்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டுமென்று மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் உண்டு. நமக்கும் 1966-ஆம் ஆண்டு ரயில்வே நடத்தை விதிகள் உண்டு. அலுவலகச் செய்தியை அனுமதியின்றி வெளியே சொல்லலாகாது. ஆனால் மேசைமீது தேநீர் வந்தவுடன் விதிகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. 'இன்னாருக்கு இன்ன வியாதியாம்' என்று பிற்பகலில் ஒருவர் சொன்னால் மாலைக்குள் அது குடியிருப்பு முழுவதும் பரவும். இப்பொழுது வாட்ஸ்அப்பும் வந்துவிட்டது. மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் என்றால் ஒரு தெருவோடு போகும். இங்கு நாமோ சில நூறு குடும்பங்கள். ஒரு பிள்ளையின் நோய் அவன் தங்கையின் கலியாணம் வரை துரத்திக்கொண்டு வருகிறது.

கடைசியாக நம் சங்கத்தையே ஒன்று வேண்டுகிறேன். வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு உதவவென்று நூல்நிலைய மேசையில் ஒரு பதிவு நோட்டு வைத்திருக்கிறோம். நல்ல பணி, அதனால் வேலை பெற்றோர் பலர் இங்கேயே இருக்கிறீர்கள். ஆனால் பெயர், வயது, படிப்பு ஆகியவற்றுக்கு அடுத்து 'உடல்நிலை' என்றொரு கட்டம் கோடு போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. நோட்டை எவரும் புரட்டலாம். அந்தக் கட்டத்தில் உண்மை எழுதுபவன் ஊருக்கே எழுதுகிறான். எழுத அஞ்சுபவன் நோட்டின் பக்கமே வருவதில்லை. நான் சொன்ன இளைஞன் இன்றுவரை அதில் தன் பெயரைப் பதியவில்லை. அக்கட்டத்தை நீக்கிப் புதிய நோட்டுக் கட்டவும், அதை அலமாரியில் பூட்டிவைக்கவும் செயற்குழு முடிவு செய்ய வேண்டும். புதிய நோட்டுக்குக் கோடு போடும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். செயலாளர் அவர்கள் தை மாதக் கூட்டத்தில் இதனை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.