ஓட்டு இல்லாத பிள்ளைகளுக்காக நாம கேட்போம்

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ. மேடைப் பேச்சு பழக்கமில்லை. மனசுல பட்டதைச் சொல்றேன்.

தேர்தல் வந்தா வேட்பாளர்கள் கை கூப்பிக்கிட்டு வீதி வீதியா வர்றாங்க. நாம ரோடு கேட்கிறோம், குடிதண்ணி கேட்கிறோம், கடன் தள்ளுபடி கேட்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனா அங்கன்வாடிக்குப் போற பிள்ளைக்கு என்ன செய்வீங்கன்னு கேட்கிறவங்க குறைவு. ஓட்டுப் போட 18 வயசு ஆகணும். அது வரைக்கும் பிள்ளைக்காக நாமதானே கேட்கணும்?

அரசாங்கம் நினைச்சா பிள்ளைகளுக்கு நல்லது செய்ய முடியும். 1956-ல் காமராசர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு கொண்டு வந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார். 2022-ல் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சார். மூணு பேரும் வேற வேற கட்சி. பிள்ளைங்க சாப்பாட்டுக்குக் கட்சி கிடையாது.

பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முந்தின வயசுதான் முக்கியம். கர்ப்பத்துல 270 நாள், பிறந்த பிறகு இரண்டு வருஷம் 730 நாள், ஆக மொத்தம் 1000 நாள். அதுக்குள்ள சத்துக் குறைஞ்சா பிறகு ஈடு கட்டுறது கஷ்டம்னு கிராம சுகாதார செவிலியர் சொல்றாங்க. எடை பார்க்கிறதும் சத்துமாவு தர்றதும் அங்கன்வாடியிலதான். ஆனா எங்க ஊர் அங்கன்வாடி ஐப்பசி மழைக்கு ஒழுகுது. கழிப்பறை இருக்கு, தண்ணி இல்லை. அதனால சில அம்மாமார் சின்னதை வீட்டிலேயே விட்டுட்டு வேலைக்குப் போறாங்க. அதைப் பார்த்துக்கப் பெரிய பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுது. ஒரு கட்டடம் ஒழுகினா இரண்டு பிள்ளைக்கு நஷ்டம்.

பணம் இல்லைன்னு சொல்ல முடியாது. நம்ம எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு 5 கோடி ரூபாய். அதுல அங்கன்வாடிக்கு எவ்வளவு ஒதுக்குவீங்கன்னு கேட்கலாம். ஊராட்சித் தலைவருக்கு நிற்கிறவங்ககிட்ட தண்ணிக் குழாய், சுற்றுச்சுவர் கேட்கலாம். ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்குத்தான். நம்ம குழு அக்கா நின்னாலும் இதே கேள்விதான்.

"இப்படிக் கேட்டா குழுவுக்குக் கட்சிச் சாயம் பூசிடுவாங்க"ன்னு சில அக்காமார் பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயம்தான். அதனாலதான் சொல்றேன், ஒருத்தர்கிட்ட மட்டும் கேட்க வேண்டாம். எல்லா வேட்பாளர்கிட்டயும் ஒரே தாளைக் கொடுப்போம். யாருக்கு ஓட்டுங்கறது அவங்கவங்க விருப்பம்.

குழுவில் ஒருத்தங்க 10,000 ரூபாய் கடன் கேட்டா என்ன செய்றோம்? எதுக்கு, எப்போ திருப்பிக் கட்டுவேன்னு கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிட்டுத்தானே கொடுக்கிறோம்? அஞ்சு வருஷத்துக்கு நம்ம ஓட்டைக் கேட்கிறவங்ககிட்டயும் அப்படிக் கேட்டா என்ன தப்பு?

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே தங்கள் ஊர் அங்கன்வாடியையும் பள்ளிக்கூடத்தையும் நேரில் பார்த்து, குறையை எழுதிக் கொண்டு வாங்க. கூட்டமைப்பு அதையெல்லாம் ஒரே மனுவாக்கி வேட்பாளர்கள் எல்லாருக்கும் கொடுக்கட்டும். அவங்க சொல்ற பதிலைத் தேதியோட எழுதி வைப்போம். ஜெயிச்சு வந்த பிறகு கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாள்ல எல்லாம் அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போவோம். தவணை தவறினா நாம விடுறோமா? இதையும் விடக் கூடாது.