ஒரு வேற்றுமை, இரு பொருள்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. அதற்கு முன் நாம் இலத்தீனில் செபித்தோம். அம்மொழியில் நம் ஆறாம் வேற்றுமைக்கு ஒப்பானதைச் சற்றே சிந்திப்போம்.

'தேயுஸ்' என்றால் கடவுள். 'தேயி' என்றால் கடவுளுடைய. 'தோமுஸ் தேயி' கடவுளுடைய வீடு. இங்கே உடைமைப் பொருள், ஐயமில்லை. 'தீமோர் தேயி' தெய்வ பயம். கடவுள் எவருக்கும் அஞ்சுவதில்லை. ஆகவே இது நாம் அவருக்கு அஞ்சுவதே. 'ஆமோர் தேயி' என்பதற்கோ இரு பொருள்: கடவுள் நம்மீது கொண்ட அன்பு, நாம் கடவுள்மீது கொண்ட அன்பு. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். தமிழிலும் தாயன்பு தாய் காட்டுவது. நாட்டுப்பற்று நாம் நாட்டின்மீது கொள்வது. 'இறையன்பு' என்னும் சொல்லோ இரண்டையும் தாங்கும்.

யூபிலி நாளில் நாம் கணக்குப் பார்க்கிறோம்: யார் கல் சுமந்தார், யார் எவ்வளவு கொடுத்தார், யார் பெயர் கல்வெட்டில் உள்ளது என்று. இது இரண்டாம் பொருள்; நல்லதே. ஆனால் இதை மட்டும் எண்ணினால், பெயர் வந்தவருக்குப் பெருமை, விடுபட்டவருக்கு மனக்கசப்பு. முதற்பொருளை முதலில் வைப்போம். கொடுத்தவர் யாவரும் முன்பே பெற்றவர்கள் என்பது அப்போது விளங்கும். 'எங்கள் தெரு கட்டிய கோவில்' என்னும் பேச்சுக்கும் இடமிராது. அது 'தோமுஸ் தேயி' அல்லவா!

இவ்விரு பொருளும் நம் பங்கில் ஒன்றாய் விளங்க இறைவன் அருள்வாராக.