தினந்தோறும் அரை மணி நேரம்
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



மன உறுதி என்றதும் பெரிய காரியங்களைச் சாதித்தவர்களையே நாம் நினைக்கிறோம். நானோ இன்று ஒரு பேசின் தண்ணீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களைக் கூர்ந்து கவனித்தார். விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். அப்படியல்ல என்று அவர் கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரம் சுடுவது தெரியாது. முள் தைத்தாலும் வலிக்காது. வலிக்காததால் புண்ணோடே நடக்கிறார்கள். புண் எலும்புவரை போகிறது.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் 6 முதல் 12 மாதங்களில் நோய் குணமாகிறது. ஆனால் வெகுநாளைக்கு முன்பே போய்விட்ட உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே நோய் தீர்ந்த பின்பும் ஒரு வேலை மிஞ்சுகிறது. தினமும் பாதங்களைச் சாதாரணத் தண்ணீரில் சுமார் அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்காலில் கொப்புளமோ வெடிப்போ உண்டா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும்.

ஒரு நாள் செய்வது எளிது. வாழ்நாளெல்லாம் செய்வதுதான் கடினம். களை எடுத்து அலுத்து வீடு திரும்பும் ஒரு தாய்க்கு, வலிக்காத காலுக்காக உட்கார மனம் வருமா? "இன்று ஒரு நாள் போகட்டும்" என்றே தோன்றும். காலும் முறையிடாது. புண் வந்த பிறகே அந்த ஒரு நாளின் விலை தெரியும்.

உங்கள் காணிக்கை மிருதுவான ரப்பர் செருப்பு வாங்கித் தரும். மருத்துவர் மடங்கிய விரலை நிமிர்த்தித் தருவார். அந்த அரை மணி நேரத்தை மட்டும் யாராலும் வாங்கித் தர முடியாது. அதை ஒவ்வொரு நாளும் தாங்களே கொடுக்கிறவர்களைப் பரிதாபத்தோடு பார்க்காதீர்கள். அவர்கள் நமக்கு ஆசிரியர்கள்.

நமக்கும் மரத்துப்போன இடங்கள் உண்டு. வீட்டாரிடம் எரிந்து விழும் நாவு, சொன்ன சொல்லை மறக்கும் வழக்கம் – இவை நமக்கு வலிப்பதில்லை, பிறருக்கே வலிக்கிறது. படுக்குமுன் ஐந்து நிமிடம் அவற்றைப் பாருங்கள். ஒரு நாள் தவறினால் சோர்ந்துபோகாமல் மறுநாள் தொடருங்கள். தானியேல் ஆபத்து வந்த அன்றைக்குத் திடீரென்று தைரியசாலி ஆகவில்லை. தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்ட பழக்கமே அன்றும் அவரை நிலைநிறுத்தியது.

இன்று மாலை நம் நோயாளிகள் பேசினில் தண்ணீர் ஊற்றும் வேளையில், நாமும் நம்முடையதைத் தொடங்குவோம்.