பிள்ளைக் கணக்கு யார் கையில்?

அதிகம் பிள்ளை பெறுங்கள் என்று 2024-இல் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கேட்டுக்கொண்டார். மக்கள்தொகைப்படி தொகுதி மறுவரையறை வந்தால் நாடாளுமன்ற இடங்கள் குறையுமே என்ற கவலையில் நம் பக்கமும் அந்தக் குரல் எழுகிறது. முன்பு ஊர்ச் சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்து 'போதும்' என்றவர்களும் ஆட்சியாளர்கள்தாம். திற என்றால் திறக்கவும் மூடு என்றால் மூடவும் பெண்ணின் வயிறு என்ன ஏரி மதகா?

தமிழ்நாட்டில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டுக்குள் இறந்தன, 2020-இல் 13. நாலு பெற்றால்தான் இரண்டு தங்கும் என்ற பயம் போனதும் நாலும் தேவைப்படவில்லை. வேலூர் பாகாயத்திலிருந்து சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்தில் ஊர் ஊராகப் போய்ச் செய்துவரும் வேலை, அந்தப் பயத்தைத் துரத்திய வேலைதான். இல்லை, பெண்கள் படித்ததால்தான் பிறப்பு குறைந்தது என்பார்கள் சிலர். படிப்புக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் பெண் எழுத்தறிவு கேரளத்தில் 92 விழுக்காடு, இங்கே 73, ஆந்திரத்தில் அறுபதை ஒட்டி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலோ ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் கேரளத்திலும் இங்கும் 1.8, ஆந்திரத்தில் 1.7! பள்ளி வாசலை மிதிக்காத தாயும் தன் பிள்ளை படிக்கட்டும் என்று முடிவெடுத்த நாளில், கூலி கொண்டுவந்த பிள்ளை செலவு வைக்கும் பிள்ளையாகிவிட்டது. அந்தச் செலவைப் பார்த்துத்தான் அவள் கணக்குப் போட்டாள். அதற்கான வலியும் அவளுக்கே. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குடும்பத் தலைவருக்கு எத்தனை பெருந்தன்மை!

வேலைக்குப் போவதால்தான் பெண்கள் பிள்ளை பெறத் தயங்குகிறார்கள், வீட்டிலிருந்தால் பெறுவார்கள் என்பது இன்னொரு வாதம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது பெண்ணின் ஷூ கம்பெனிச் சம்பளத்தில். அதை நிறுத்திவிட்டு எதைக் கொண்டு இன்னொரு பிள்ளையை வளர்ப்பது? பிறப்பைக் கூட்டத் தென் கொரியா ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டியும் பார்த்தது. 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 0.72. வீட்டுச் சுமையும் வளர்ப்புச் சுமையும் ஒருத்தி தலையிலேயே இருக்கும்போது உதவித்தொகை எடுபடுவதில்லை. நம் சட்டத்தையே பாருங்கள். 2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம் முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் விடுப்பு தந்தது. மூன்றாவதற்கு 12 வாரம்தான். மேடையில் 'பெறு' என்கிறார்கள், சட்டப் புத்தகம் 'பெறாதே' என்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கோ, எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் பெயர் இல்லாததால், அந்த 12 வாரமும் கிடையாது.